களிம்பும் துருவும்

நான்காவது அங்குலத்தில் அமுங்கிவிட்டது.

இடது இறக்கையின் முன் ஸ்ட்ரட். கீழ்முனையிலிருந்து அங்குலத்துக்கு ஒரு கோடாகப் பென்சிலால் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கோட்டிலும் கருவியை வைத்து அழுத்திக்கொண்டே வந்தேன். முதல் மூன்றில் ஒன்றுமில்லை. நான்காவதில் கைக்கு ஓர் இளக்கம் தெரிந்தது. கருவியை எடுத்துப் பார்த்தால் மஞ்சள் பெயின்டில் மிளகளவுக்கு ஒரு குழி. பெயின்ட் ஆறு வருடத்துக்கு முன் அடித்தது. விமானத்தின் சொந்தக்காரர் மெழுகு போட்டுத் துடைத்துத் துடைத்து, முகம் பார்க்கலாம் என்கிற மாதிரி வைத்திருந்தார்.

அந்தக் கருவி எஃகுக்காகச் செய்ததே இல்லை. பழைய விமானங்களின் இறக்கையில் போர்த்தியிருக்கும் துணி இற்றுப்போயிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கச் செய்தது. ஒரு பேனாவைவிடச் சற்றுப் பெரிய குழல், உள்ளே ஸ்பிரிங், நுனியில் மழுங்கிய முனை, பக்கத்தில் அளவுகோல். ஸ்ட்ரட்டுக்கு என்றால் அளவு 80 காட்டும்வரை அழுத்த வேண்டும். எஃகு முழுதாக இருந்தால் ஒரு தடமும் விழாது. உள்ளே தின்றிருந்தால் கண்ணுக்குத் தெரிகிற குழி விழும். குழி விழுந்தால் மறுபேச்சு கிடையாது. அந்த ஸ்ட்ரட்டோடு அந்த விமானம் இனிப் பறக்கக் கூடாது.

நான் பென்சில்வேனியாவில், சஸ்குவஹானா ஆற்றுப் பள்ளத்தாக்கில், புல்தரை ஓடுபாதை ஒன்றின் ஓரத்தில் இருக்கும் ஹேங்கரில் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக இதே வேலை. நான் பழுதுபார்ப்பதில் பாதிக்கு மேல் என்னைவிட வயதான விமானங்கள். இந்த விமானம் 1946-இல் செய்த பைப்பர் ஜே-3 கப். இதே ஆற்றின் மேற்குக் கிளைக் கரையில் இருக்கிற லாக் ஹேவன் என்ற சிற்றூரில் பிறந்தது. 1937-இல் பிராட்ஃபோர்டில் இருந்த தொழிற்சாலை தீயில் எரிந்த பிறகு, பைப்பர் கம்பெனி லாக் ஹேவனில் ஒரு பழைய பட்டாலைக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்துதான் 1947 வரை கிட்டத்தட்ட இருபதாயிரம் கப் விமானங்கள் வெளியே வந்தன. அவற்றில் பல ஆயிரம் போருக்குப் போயின. மற்றவை பெரும்பாலும் ஒரே மஞ்சள் நிறம், பக்கவாட்டில் ஒரு கறுப்பு மின்னல் கோடு. 65 குதிரைசக்தி என்ஜின். வெறும் எடை சுமார் 347 கிலோ, பழைய அம்பாசிடர் காரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்பதை, தொட்டி மூடி வழியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி சொல்லும். கம்பியின் அடியில் ஒரு தக்கை மிதக்கும், அவ்வளவுதான் மீட்டர். தனியாக ஓட்டுபவர் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் எடை முன்பக்கம் சாய்ந்துவிடும். இந்த எளிமையால்தான் எனக்கு இந்த விமானத்தின்மேல் இத்தனை பிரியம். இதில் எதுவும் ஒளிந்திருப்பதில்லை, ஸ்ட்ரட்டின் உட்புறத்தைத் தவிர.

ஸ்ட்ரட் என்பதை முட்டு என்று தமிழில் சொல்லிவிடலாம். விமானம் தரையில் நிற்கும்போது அது பொருந்தும். இறக்கையின் கனம் கீழே வராமல் அது முட்டுக்கொடுக்கிறது. பறக்கத் தொடங்கிவிட்டால் வேலை தலைகீழாகிறது. காற்று இறக்கையை மேலே தூக்க, அது மடங்கிப்போகாமல் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது ஸ்ட்ரட். இறக்கைக்கு இரண்டு, முன்னொன்று பின்னொன்று, கீழே ஒன்றுகூடி வி வடிவத்தில் உடலோடு சேரும். கனத்தில் பெரும்பங்கு முன் ஸ்ட்ரட்டுக்கு. அது அறுந்தால் இறக்கை மேல்நோக்கி மடியும். அதற்கப்புறம் சொல்ல ஒன்றுமில்லை.

துரு எங்கிருந்து வருகிறது? ஸ்ட்ரட் உள்ளே கூடான குழாய். கழுவும்போது கசியும் நீரும், இரவு குளிர்ந்து காலையில் உள்ளே வேர்க்கும் ஈரமும் கீழே இறங்கி அடிமுனையில் தங்கும். போகவும் வழியில்லை, காயவும் வழியில்லை. வெளியே பெயின்ட், உள்ளே ஈரம். இதனால் இறக்கை முறிந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அமெரிக்க விமானத் துறை 1981-இல் ஆணை போட்டது, 1993-இல் கடுமையாக்கியது, 1999-இலும் 2015-இலும் மறுபடி எழுதியது. முனை திறந்த பழைய வகை ஸ்ட்ரட் என்றால் 24 மாதத்துக்கு ஒருமுறை கீழ்ப்பகுதி முழுவதையும் இப்படி அழுத்திச் சோதிக்க வேண்டும், தேறினால் உள்ளே எண்ணெய் பூச வேண்டும்.

குழியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது என் தாத்தாவின் குரல். எங்கள் ஊர் திருவாவடுதுறைக்குப் பக்கம். தாத்தா மடத்தில் சைவ சித்தாந்த வகுப்பு கேட்டவர். சிவஞான முனிவர் இருந்த மடம் என்பதில் அவருக்குப் பெருமை அதிகம். அம்மா கொல்லையில் செம்புத் தவலையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க, தாத்தா திண்ணையிலிருந்து அதைக் காட்டி எனக்குப் பாடம் சொல்வார். உயிருக்கு ஆணவ மலம் எப்போது வந்தது? செம்புக்குக் களிம்பு எப்போது வந்ததோ அப்போது. நெல்லுக்கு உமி எப்போது வந்ததோ அப்போது. அதாவது தொடக்கமே இல்லை, கூடவே இருப்பது. ஆனாலும் களிம்பு செம்பாகிவிடாது. புளி பட்டால் விலகும், உள்ளே செம்பு செம்பாகவே இருக்கும். உயிர் எவ்வளவு இருண்டு கிடந்தாலும் அது மலம் ஆவதில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் நடுங்கும். எனக்கு அப்போது பத்து வயது. தவலை மின்னுவதுதான் தெரிந்தது.

இருபத்தாறு வருடம் எஃகைத் தொட்டு வேலை செய்த பிறகு எனக்கு அந்த உவமையோடு ஒரு வழக்கு இருக்கிறது. தாத்தா உயிரோடு இருந்தால் அவரிடமே வைத்திருப்பேன்.

எஃகில் துரு களிம்பு மாதிரி நடந்துகொள்வதில்லை. வேதியியல் கணக்குப் பார்த்தால் களிம்பும் செம்பு மாறி உண்டானதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மேலே இறுக ஒட்டி நின்று, அடியில் இருக்கும் செம்பைக் காற்றிலிருந்து காக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் செப்புக் கூரைகள் பச்சையாக நிற்பது அதனால்தான். துரு அப்படிக் காவல் இருப்பதில்லை. உப்பிச் செதிலாகி உதிர்ந்து, அடுத்த அடுக்கைத் திறந்துவிட்டு அதையும் தின்னும். அந்த இடத்தை எவ்வளவு தேய்த்தாலும் உள்ளேயிருந்து எஃகு மின்னாது, ஓட்டைதான் தெரியும். துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எஃகு இருந்த இடம்.

அப்படியானால் மனிதனுக்குள் இருக்கும் கோணல் எந்த வகை? நாற்பது வருடம் பொய் சொன்னவனுக்கு அடியில் பொய் தொடாத ஒருவன் இருக்கிறானா, இல்லை பொய் அவனைத் தின்றேவிட்டதா? இதை நான் புத்தகத்துக்காகக் கேட்கவில்லை. எனக்கு இது சொந்தக் கேள்வி.

அமெரிக்காவுக்கு வந்து உரிமம் வாங்கிய இரண்டாம் வருடம், வேறொரு மாநிலத்தில், ஒரு பட்டறையில் வேலைக்கு இருந்தேன். ஒரு விமானம் ஆண்டுச் சோதனைக்கு வந்தது. இதேபோல ஸ்ட்ரட் வைத்த இறக்கை. அழுத்திப் பார்க்கும் கருவி பட்டறையில் பழுதாகிக் கிடந்தது. சொந்தக்காரர் மறுநாள் காலையில் கிளம்ப வேண்டும். மேலே இருந்தவர் என் தோளில் கைவைத்து, ஸ்ட்ரட்டைப் பார், புதுசு மாதிரி இருக்கிறது, கையெழுத்துப் போடு என்றார். விசா அவர்கள் கையில் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், ஆனால் அதைக் காரணமாக வைத்து நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. சோதித்தேன், தேறியது என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். மொத்தம் ஒரே ஒரு வரி. விமானம் போய்விட்டது. மூன்று வருடம் அந்தப் பதிவு எண்ணைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன், விபத்துப் பட்டியலில் வந்திருக்கிறதா என்று. கடைசியில் அப்போதிருந்த சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை மறைக்காமல் எழுதி, பறப்பதற்கு முன் சோதித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பதில் வந்தது: சோதித்துவிட்டார்கள், ஒரு குழியும் இல்லை, சொன்னதற்கு நன்றி.

குழி இல்லாதது என் புண்ணியத்தால் இல்லை. அன்று நான் எழுதியது பொய் என்பதை, பிற்பாடு அந்த எஃகு நன்றாக இருந்தது என்பது மாற்றவில்லை. விமானத்தின் லாக் புத்தகத்தில் எழுதியதை யாரும் கிழித்தெடுக்க முடியாது. அந்த விமானம் இருக்கும்வரை அந்தப் பொய்யும் என் உரிம எண்ணோடு அதில் இருக்கும்.

தாத்தா இதற்கு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இரண்டையும் குழப்புகிறாய் என்பார். கையெழுத்துப் போட்டது கன்மம்; அதற்கு உரியதை அனுபவித்துக் கழிக்க வேண்டும், கழியும். போட வைத்தது ஆணவம். அது வேறு கணக்கு. அப்புறம், எஃகு என்பது மாயையின் காரியம், உடம்பு மாதிரி. உடம்பு இற்றுப்போகும், போகட்டும், வேறு வரும். உடம்பைத் தின்னும் துருவைக் கொண்டுவந்து உயிருக்கு உவமையாக்காதே, உயிருக்குச் செம்புதான் உவமை என்று முடித்துவிடுவார். சித்தாந்தத்தில் அந்த வரிசை தெளிவாக இருக்கிறது. ஆணவம், கன்மம், மாயை மூன்றும் ஒன்றல்ல. இந்தப் பிரிவினை எவ்வளவு பயனுள்ளது என்பதை நான் வயதான பிறகே உணர்ந்தேன். செய்த தப்பு வேறு, தப்பு செய்ய வைக்கிற இருள் வேறு, தப்பு நடந்த கருவி வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத மனிதன் ஒன்று தன்னைக் குப்பையில் போடுகிறான், இல்லை மூன்றையும் சேர்த்து மன்னித்துவிட்டு மறுபடி கையெழுத்துப் போடுகிறான்.

ஆனாலும் என் வழக்கு முழுதாகத் தள்ளுபடியாகவில்லை. அதைச் சொல்ல, அந்த இடது ஸ்ட்ரட்டுக்குத் திரும்ப வேண்டும்.

விமானத்தின் சொந்தக்காரருக்கு 74 வயது. 1952-இல், ஒரு பறக்கும் பள்ளியிடமிருந்து அவருடைய அப்பா இதை வாங்கினார். முன் சீட்டில் உட்கார்ந்து, பின்னாலிருந்து அப்பா தோளைத் தட்டிச் சொல்லச் சொல்ல, மகன் இதில்தான் கற்றுக்கொண்டார். குழியைக் காட்டியதும் குனிந்து விரலால் தடவினார். ஒன்றும் பேசவில்லை. ஒன்று போனால் மற்றதும் அதே வயதுதான், நான்கையும் மாற்றிவிடலாம் என்று அன்றே முடிவு செய்தோம். புதிதாக வந்தவை முனைகளை அடைத்துப் பற்றவைத்த வகை. உள்ளே காற்றோ ஈரமோ புகாது. துளை போடாமல் இருந்தால் அந்த 24 மாதச் சோதனையும் வேண்டியதில்லை.

இறக்கையை, அதன் நீள உத்திரமான ஸ்பாருக்கு நேர் கீழே மெத்தை கட்டிய மரக்குதிரை வைத்துத் தாங்கிக்கொண்டு, நடுவில் இருக்கும் சிறு துணை ஸ்ட்ரட்டுகளைக் கழற்றி, மேல் போல்ட், கீழ் போல்ட் என்று ஒவ்வொன்றாக எடுத்தோம். பழையதைத் தரையில் வரிசையாகப் படுக்கவைத்தேன். அவர் இடது முன் ஸ்ட்ரட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: இதை முழுசாக என்னிடம் கொடுப்பீர்களா, வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்கிறேன். அதன் மேல்முனையில், அவருடைய அப்பா கையால் எழுதிய 'எல்' என்ற ஒரே எழுத்து பெயின்டுக்கு அடியில் மேடாகத் தெரிந்தது.

முடியாது என்றேன். மற்ற மூன்றும் சோதனையில் தேறியவை, எடுத்துக்கொள்ளுங்கள். இதை அறுத்துத்தான் தருவேன். கழித்துவிட்ட பாகத்தை மறுபடி யாரும் மாட்ட முடியாதபடி வெட்டிவிடுவது இந்தத் தொழிலில் முறை. நாளை நீங்கள் இல்லாத காலத்தில், பளபளவென்று சுவரில் தொங்கும் இதை உங்கள் பேரன் விற்பான்; வாங்குபவன் மாட்டுவான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நானும் இருக்கிறேன், அறுங்கள் என்றார்.

இரும்பறுக்கும் ரம்பத்தால் நான்காவது அங்குலத்தில் குறுக்கே அறுத்தேன். பாதி போனதும் பழுப்புத் தூள் கொட்டத் தொடங்கியது. உள்ளங்கையில் ஏந்தினால் ஒரு கைப்பிடி, நல்ல காப்பிப்பொடி மாதிரி. குழாயின் வாயைப் பார்த்தால், ஒரு பக்கம் சுவர் முழுக் கனத்தோடு வெள்ளையாக மின்னியது. தண்ணீர் தங்கிய பக்கம் கெட்டிக் காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. அவர் விரல் நகத்தால் அழுத்தினார். வளைந்தது. மூன்று மாதத்துக்கு முன்தான் பேத்தியை இதில் ஏற்றிப் பறந்திருந்தார்.

தேறிய மூன்றில் ஒன்றை எடுத்து, கீழ்முனையில் திருகியிருக்கும் ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு, விளக்கு அடித்து உள்ளே பார்த்தேன். அங்கேயும் பழுப்புதான்! எண்ணெய்க்கு அடியில் மெல்லிய பழுப்புப் படலம். என்றைக்கோ துரு பிடித்திருக்கிறது, யாரோ ஒரு புண்ணியவான் ஆளிவிதை எண்ணெயை ஊற்றிச் சுழற்றி வடித்திருக்கிறார், அது அங்கேயே நின்றுவிட்டது. எண்ணெய் துருவை அழிக்கவில்லை, வளரவிடாமல் அடக்கிவைத்திருக்கிறது. சித்தாந்தம் முத்தி நிலையைப் பற்றிச் சொல்வதும் இதுதான். அங்கே ஆணவம் அழிந்துபோவதில்லை, அதன் சக்தி அடங்கிக் கிடக்கிறது. தாத்தா சொன்னபோது இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டும் அது உள்ளேயே இருக்குமா என்று கேட்டேன். அந்த ஸ்ட்ரட்டுக்குள் விளக்கு அடித்துப் பார்த்த அன்று அது ஏமாற்றமாகப் படவில்லை.

என் வழக்கில் மிச்சம் இருப்பது இதுதான். இரண்டு ஸ்ட்ரட், இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே மழை, உள்ளே ஒரே பழுப்பு. ஒன்று மனிதரைக் கொல்லும், மற்றொன்று காக்கும். நிறத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பெயின்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அழுத்தித்தான் பார்க்க வேண்டும், அதுவும் இற்றிருக்கும் என்று பயப்படுகிற இடத்தில். உள்ளே செம்பு எப்போதும் செம்புதான் என்று தாத்தா சொன்னதை நான் மனிதர் விஷயத்தில் நம்புகிறேன், என் விஷயத்திலும் நம்ப விரும்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கையை, சோதனையைத் தள்ளிப்போட ஒரு சாக்காக எடுத்துக்கொண்டவர்களை மடத்திலும் பார்த்திருக்கிறேன், ஹேங்கரிலும் பார்த்திருக்கிறேன். ஆன்மா கெடாது, ஆகவே எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பெயின்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் நான் அப்படிச் செய்தேன். அன்று எந்த இடத்தில் அமுங்கினேனோ, அதாவது மேலே இருப்பவர் தோளில் கைவைத்தால் இளகுகிற அந்த இடத்தை, ஒவ்வொரு கையெழுத்துக்கு முன்னாலும் அழுத்திப் பார்க்கிறேன்.

புது ஸ்ட்ரட்டுகளை மாட்டுவது போல்ட் முறுக்குகிற வேலை என்று நினைப்பார்கள். உண்மையான வேலை அதற்கப்புறம்தான். ஸ்ட்ரட்டின் கீழ்முனையில் மரை போட்ட ஃபோர்க் ஒன்று திருகி உள்ளே போகும். பழைய காலத்தில் மரையை வெட்டிச் செய்தார்கள். வெட்டிய இடத்தில் விரிசல் தொடங்கும் என்று கண்ட பிறகு, உருட்டி அழுத்திச் செய்த மரை வந்தது. இதைத் திருகித்தான் ஸ்ட்ரட்டின் நீளத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். முன் ஸ்ட்ரட் இறக்கை எவ்வளவு மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். பின் ஸ்ட்ரட் இறக்கையின் முறுக்கைத் தீர்மானிக்கும். அதை நீட்டினால் இறக்கையின் பின்விளிம்பு மேலேறி, அந்தப் பக்கம் தூக்கும் சக்தி குறையும். இறக்கை நுனிக்கு நுனி நூல் கட்டி, ரிப்புகளுக்கு அடியில் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை அரைச் சுற்று, கால் சுற்று என்று போய்க்கொண்டிருக்கும். கொத்தனார் வேலை மாதிரிதான். ஃபோர்க் போதுமான ஆழம் உள்ளே போயிருக்கிறதா என்பதை மட்டும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பழையதைக் கழற்றும் முன்னால் அளந்திருந்தேன். இடது பின் ஸ்ட்ரட்டின் ஃபோர்க் இரண்டு சுற்று அதிகமாக வெளியே இருந்தது. என்றைக்கோ யாரோ செய்த பிழை. இடது இறக்கை எப்போதும் கொஞ்சம் தாழ்ந்தே பறந்திருக்கும். லாக் புத்தகத்தைப் புரட்டினேன். 1958-இல் அப்பாவின் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: இடப்பக்கம் கொஞ்சம் கனக்கிறது, பழகிவிட்டது.

நூலும் ரசமட்டமும் சொன்னபடி சரியாக வைத்தேன். சோதனை ஓட்டத்தில் ஸ்டிக்கை விட்டுவிட்டுக் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டேன். இறக்கை இரண்டும் சமமாக நின்றன. எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்து அவர் ஏறினார். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தவர், நன்றாக இருக்கிறது, ஆனால் இது அப்பாவின் விமானம் மாதிரி இல்லை என்றார்.

சட்டப்படி அவர் சொன்னது தவறு. விமானத்தின் உடலில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது, வரிசை எண் பொறித்தது. இறக்கை, என்ஜின், துணி, எல்லாம் மாறலாம். தகடு இருக்கும்வரை அது அதே விமானம். எங்கள் ஊர்க் கதையும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. கயிலையிலிருந்து வந்த யோகி, சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறுவதைக் கண்டு, அவன் உடலுக்குள் புகுந்தார். பசுக்கள் மகிழ்ந்து மேயப்போயின. உள்ளே வேறு உயிர், ஆனாலும் உடம்போடு ஒட்டியிருந்த பெயர்தான் இன்றுவரை நிலைத்தது, திருமூலர். தகடு உடம்போடு இருந்தது என்று சொல்லலாம். ஆனால் மூலனின் மனைவி வந்தபோது, அவர் கூட வராமல் மடத்துக்குப் போய்விட்டார். முகம் அதே முகம், பெயர் அதே பெயர், இது என் மனிதர் மாதிரி இல்லை என்று அவள் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்குத் தெரிந்தது பசுக்களுக்குத் தெரியவில்லை. சிறு வயதில் திருவாவடுதுறைக் கோயிலுக்குள் இருக்கும் அவர் சந்நிதிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றித்தான் நினைப்பு. அவளுக்காகப் பேச யாரும் இல்லையே என்று இருக்கும். விமானத்துப் பெரியவர் சொன்னதைக் கேட்டபோதும் அவளைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆகவே தகட்டைக் காட்டி அவரோடு வாதாடவில்லை.

இரண்டு சுற்றைத் திருப்பி வெளியே எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். வெட்கப்பட்டுக்கொண்டேதான் கேட்டார். அப்பா இருந்த அந்தக் கோணல் வேண்டும் அவருக்கு. அது எனக்குப் புரிந்தது. நம் வீட்டில் இறந்தவர்களை நினைக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது அவர்களுடைய நல்ல குணமா, அவர்களோடு சேர்ந்து நாம் பொறுத்துக்கொண்ட குறையா? என் தாத்தா வலது காலைச் சற்று இழுத்து நடப்பார். கனவில் அவர் வருவது அந்தக் காலடிச் சத்தத்தோடுதான். ஆனாலும் முடியாது என்றேன். கையேட்டில் உள்ளபடி வைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் தலையசைத்தார்.

சித்தாந்தத்தில் மலவாசனை என்று ஒரு சொல் உண்டு. மலம் அடங்கிய பிறகும் அதன் வாசனை பழக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும், பெருங்காயம் வைத்த பாண்டம் மாதிரி. ஞானிக்கும் அது உண்டு. அதனால்தான் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாவது சூத்திரம், கடைசிச் சூத்திரம், ஞானம் வந்தவனையும் அடியாரோடு கூடியிரு, கோயிலை வணங்கு என்று சொல்லி அனுப்புகிறது. எல்லாம் முடிந்த பிறகு எதற்கு இது என்று சிறு வயதில் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன பதில் ஞாபகம் இல்லை.

ஸ்ட்ரட் மாற்றி ஐந்து மாதம் ஆகிறது. அறுத்த துண்டுகளில் 'எல்' எழுதிய மேல்துண்டு அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மெலிந்துபோன கீழ்முனை என் மேசைமேல் இருக்கிறது. வேலை கற்க வரும் பிள்ளைகளிடம் முதல் நாள் அதைத்தான் கையில் கொடுக்கிறேன். போன சனிக்கிழமை பெரியவர் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வந்து, என் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்தார். விமானம் நேராகத்தான் போகிறது என்றார். அறுபது வருடமாக இடப்பக்கச் சாய்வை எதிர்த்து ஸ்டிக்கை வலப்பக்கம் பிடித்துப் பழகிய கை இன்னும் விடவில்லை. அசந்த நேரத்தில் விமானம் வலப்பக்கம் சாய்கிறது என்றார். அடுத்த சனிக்கிழமை முன் சீட்டில் நானும் ஏறுகிறேன். கை தானாக வலப்பக்கம் போகும்போது, பின்னால் திரும்பிச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம்.